ஏழு தோல்விக்கு நான் எழுதிய காரணம்

போன வாரம் நேஹா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற கல்லூரியில் என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள் அவள். உடற்கல்வி ஆசிரியை, பெண்கள் கூடைப்பந்து அணிக்கும் அவளேதான் பொறுப்பு. இந்த வருஷம் அணி ஒரே ஒரு ஆட்டத்தில் ஜெயித்திருக்கிறது. அதுவும் எதிரணியின் பஸ் பனிமூட்டத்தில் மாட்டிக்கொண்டு வராமல் போனதால் கிடைத்த வெற்றி. "மேம், ஸீஸன் ரிப்போர்ட் கேக்கறாங்க. டீமுக்கு எதிர்காலம் இருக்கா இல்லையான்னு எழுதணுமாம். நீங்க எத்தனை எழுதியிருப்பீங்க! ஒரு பார்வை பார்த்துடுங்க, ப்ளீஸ்" என்று ஹிந்தியில் கெஞ்சிவிட்டு, இருபத்திரண்டு ஸ்லைடுகளை அனுப்பிவைத்தாள்.

ஹோலி விளையாடிய சுவர் மாதிரி கலர் கலராக வட்டங்கள், கம்பங்கள். தோற்ற அணியைப் பற்றிச் சொல்ல இருபத்திரண்டு ஸ்லைடு எதற்கு என்று கேட்டால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் என்னைப் பழம்பஞ்சாங்கம் என்பார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளித் தள்ளிப் பார்த்தேன். பத்தொன்பதாவது ஸ்லைடில் பெரிய எழுத்தில் இருந்தது: 'தோல்விக்குக் காரணம்: மாணவிகளிடம் ஈடுபாடு போதவில்லை.' போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். டெல்லி ஜனக்புரி வீட்டு பால்கனியில் டீ ஆறிப்போனது.

எரிச்சல் நேஹா மேல் பாதிதான். மீதிப் பாதி என் மேல். இதே வாக்கியத்தை, இதைவிடக் கொடுமையாக, நானும் ஒருமுறை எழுதியிருக்கிறேன். நேஹாவுக்கு ஹிந்தியில் இரண்டு வரி பதில் போட்டாயிற்று. முழுக் கதையைத் தமிழில்தான் எழுத முடியும். ஏனென்றால் இதில் குற்றவாளி ஒரு தமிழ் வார்த்தை.

நான் பாளையங்கோட்டைக்காரி. பள்ளியில் கூடைப்பந்து ஆடினேன், உடற்கல்வி படித்தேன், மத்திய அரசு குமாஸ்தா ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டு லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸுக்கு வந்து சேர்ந்தேன். வந்த புதிதில் எனக்குத் தெரிந்த ஹிந்தி காய்கறி வாங்கக்கூடப் போதாது. சரோஜினி நகர் சந்தையில் பேரம் பேசிப் பேசியே பேச்சு வந்தது. இரண்டு வருஷம் கழித்து இந்தப் பெண்கள் கல்லூரியில் வேலை கிடைத்தது. அப்புறம் வாழ்க்கை முழுவதும் அந்த ஒரே மைதானம்தான்.

மைதானம் என்று பெருமையாகச் சொல்கிறேன். சிமெண்டுத் தரை, இரண்டு கம்பம், கிழிந்த வலை. காலை ஆறரைக்குப் பயிற்சி. ஆறே காலுக்கு நான் போய் முதலில் நாய்களை எழுப்ப வேண்டும். அடுத்து, வணிகவியல் பேராசிரியர் ஒருவர் நிழலுக்காகக் கூடைக்கு நேர் கீழே விட்டுப்போன காரை எடுக்கச் சொல்லி போன் போட வேண்டும். தோட்டக்காரர் ரோஜாவுக்கு விடும் தண்ணீர் எங்கள் தரையில்தான் வந்து தேங்கும். நவம்பரில் புகைமூட்டம் என்று பத்து நாள் பயிற்சியை நிறுத்துவார்கள். போட்டியை மட்டும் தள்ளிவைக்க மாட்டார்கள். புதுப் பந்து கேட்டு எழுதினால் நாலு மாதம் கழித்து வாலிபால் வரும். இத்தனைக்கும் நடுவில் கொல்ஹாபுரிச் செருப்போடு பயிற்சிக்கு வந்து நிற்கும் பெண்களையும் பார்த்திருக்கிறேன். எனக்கு ரத்த அழுத்தம் வந்தது எப்படி என்று டாக்டர் கேட்டபோது சிரித்துவிட்டேன்.

ஆட்டத்தின்போது கோட்டோரம் நின்று கத்த எங்களுக்கு ஒரு பகுதிநேரப் பயிற்சியாளர் இருந்தார், ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். நான் பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டிலும் ஸ்கோர் ஷீட்டும் பார்த்துக்கொள்வேன். நான் சொல்லப்போகும் வருஷம் அவர் மகன் வீட்டோடு இருக்க டேராடூன் போய்விட்டார். வேறு ஆள் போடுங்கள் என்று பிரின்சிபலிடம் கேட்டேன். "நீங்களும் ஆடியவர்தானே, நீங்களே நில்லுங்களேன்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

அந்தப் பிரின்சிபலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கணிதம் படித்த அம்மா. குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. டெல்லிக் குளிரில் கல்லூரி அறைகளில் விரல் மடங்காது என்பதால் டிசம்பர் பிறந்தால் அவர் அலுவலகமே வெயிலைத் தேடிப் புல்வெளிக்கு வந்துவிடும். ஒரு பிரம்பு நாற்காலி, ஒரு ஸ்டூல், ஸ்டூலில் கின்னூ. கின்னூ என்பது இங்கே குளிர்காலத்தில் வரும் ஆரஞ்சு. காகிதத்தை நீட்டினால் வாங்கி மடியில் வைத்துக்கொள்வார். பழத்தை எடுத்துத் தோலை ஒரே சுருளாக உரிப்பார். சுளையின் மேல் இருக்கும் வெள்ளை நாரை ஒவ்வொன்றாக எடுப்பார். அதுவரை அவரும் பேச மாட்டார், எதிரே நிற்பவர்களும் பேசக் கூடாது. கடைசியில் ஒரு சுளையை நமக்கும் நீட்டுவார். அதை வாயில் போட்டுக்கொண்டு பேச முடியாமல் நாம் நிற்கும் நேரம் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

ஸீஸன் ரிப்போர்ட் அவருக்கு ஒரே பக்கம். அதில் மூன்று கட்டம். முதல் கட்டம், என்ன நடந்தது. இரண்டாவது, காரணம். மூன்றாவது, இனி. முதல் கட்டத்தில் பெயரடை வரக் கூடாது. 'மோசமான தோல்வி' என்று எழுதினால் 'மோசமான' மேல் பென்சிலால் கோடு விழும். காரணத்தில் நடுவர், வானிலை, அதிர்ஷ்டம் மூன்றும் விலக்கு. "காரணம் என்று ஒன்றை எழுதினால் அதை நீங்கள் விரலால் சுட்டிக்காட்ட முடிய வேண்டும்" என்பார். மூன்றாவது கட்டத்தில் ஒரே வாக்கியம். அவர் படிப்பதும் கீழேயிருந்து மேலே. முதலில் கையெழுத்து, பிறகு 'இனி', அதில் சந்தேகம் வந்தால்தான் 'காரணம்'. பாதிப் பேருடைய காரணத்தை அவர் படித்ததே கிடையாது.

அந்த வருஷம் விளையாட்டு ஒதுக்கீட்டில் எங்களுக்கு வந்த பெண் ஸ்வீட்டி. ஹரியானாவில் ரோத்தக் பக்கம் ஒரு கிராமம். பெயர்தான் ஸ்வீட்டி, ஆள் கதவு நிலையில் குனிந்துதான் உள்ளே வருவாள். அப்பாவுக்கு எருமைப் பால் வியாபாரம். பெண்ணை டெல்லி விடுதிக்கு அனுப்புவதில் வீட்டில் பெரிய சண்டை நடந்து, விளையாட்டில் இடம் கிடைத்ததால் மட்டும் சம்மதித்திருக்கிறார்கள். விடுதி இடத்தை வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். அதற்கு என் கையெழுத்து வேண்டும். என் கையெழுத்து இல்லையென்றால் அவளுக்கு விடுதி இல்லை. விடுதி இல்லையென்றால் படிப்பும் இல்லை. இது எனக்கு நன்றாகத் தெரியும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பயிற்சியில் ஸ்வீட்டி தங்கம். கண் முன் இருக்கும் கூடை தெரியாத மூட்டத்திலும் ஆறரைக்கு வந்து நிற்பாள். நான் ஒரு விசில் கொடுத்தால் முன்னே ஓடுவாள், இரண்டு கொடுத்தால் பின்னே ஓடி நம் கூடைக்குக் காவல் நிற்பாள். ஆனால் போட்டியில் விசில் நடுவருடையது. நான் வாயில் வைத்தாலே வெளியே அனுப்பிவிடுவார்கள். தொண்டைதான் கதி.

முதல் ஆட்டத்திலேயே வினை ஆரம்பித்தது. ஸ்வீட்டி அழகாக ஒரு கூடை போட்டாள். எதிரணி பந்தை எடுத்த வேகத்தில் நீளமாக வீசி ஓட ஆரம்பித்தது. எங்கள் பெண்கள் ஐந்து பேரும் திரும்பி ஓடிவர வேண்டும். நான் கோட்டோரம் நின்று உயிரைக் கொடுத்துக் கத்துகிறேன். ஸ்வீட்டி என்னைப் பார்த்தாள். சிரித்தாள். வலது கையை நெற்றிக்குக் கொண்டுபோய் லேசாகக் குனிந்து ஒரு சலாம் போட்டாள். போட்டுவிட்டு நின்ற இடத்திலேயே நின்றாள். அந்தப் பக்கம் அவர்கள் ஆளே இல்லாத கூடையில் பந்தைப் போட்டுவிட்டுப் போனார்கள்.

ஒரு தடவை என்றால் பொறுத்துக்கொள்ளலாம். ஆட்டத்துக்கு நாலு தடவை, ஐந்து தடவை. நான் எவ்வளவு கத்துகிறேனோ அவ்வளவுக்கு அந்தச் சலாம் ஒயிலாக வந்தது. பந்தை நடத்திச் செல்லும் லிந்தோய், மணிப்பூர்ப் பெண், நல்ல கெட்டிக்காரி. அவளோ நான் வாயைத் திறந்தாலே பந்தை எதிரணியிடம் கொடுத்துவிட்டு வருவாள். உட்கார வைக்கலாம் என்றால் பெஞ்சில் மாற்று ஆள் இரண்டே பேர். அதில் ஒருத்திக்குக் கணுக்கால் வீக்கம். மூன்றாவது தோல்விக்குப் பிறகு திரும்பி வரும் பஸ்ஸில் எல்லார் முன்னாலும் ஸ்வீட்டியைப் பிடித்து உலுக்கினேன்.

"திரும்பி ஓடிவரத் தெரியாதா உனக்கு? கால்ல என்ன, மெஹந்தி போட்டிருக்கியா?"

"ஜி மேம்."

"ஜி மேம்னா என்ன அர்த்தம்? வருவியா, மாட்டியா?"

"ஜி மேம்" என்று தலையைக் குனிந்துகொண்டாள். அடுத்த ஆட்டத்தில் மறுபடியும் அதே சலாம்.

ஏழு ஆட்டம், ஏழும் தோல்வி. பிப்ரவரிக் கடைசியில் மூன்று கட்டத்தோடு உட்கார்ந்தேன். வெறும் ரிப்போர்ட் இல்லை அது. அணியை வைத்திருப்பதா, மூடுவதா என்று ஒரு சமிதி, அதாவது கமிட்டி, கூடப்போகிறது. மைதானத்தை ஆசிரியர்களின் கார் நிறுத்தும் இடமாக ஆக்கலாம் என்று நிழல் பிரியரான அந்த வணிகவியல் பேராசிரியர் மனு வேறு கொடுத்திருந்தார். அணியைக் காப்பாற்ற வேண்டுமென்றால் விரலால் சுட்டிக்காட்டுகிற மாதிரி ஒரு காரணம் வேண்டும். எழுதினேன். 'காரணம்: ஸ்வீட்டியின் ஒழுங்கீனம். பயிற்சியாளரின் கட்டளையை அறிந்தே மீறினாள், கேலி செய்தாள்.' மூன்றாவது கட்டத்தில்: 'ஸ்வீட்டியை நீக்கி, அவள் விடுதி இடத்தைப் புதுப்பிக்காமல் விட்டால் இந்த அணிக்கு எதிர்காலம் உண்டு.' எழுதி முடித்ததும் மனசு லேசானது என்பதையும் மறைக்கப் போவதில்லை.

வெள்ளிக்கிழமை புல்வெளியில் கொடுத்தேன். கின்னூ உரிந்தது. சுளை என் வாய்க்கு வந்தது.

"இந்தப் பெண்ணைச் சுட்டிக்காட்ட முடியுமா?"

அவசரமாக விழுங்கினேன். "முடியும் மேடம். ஒரு மாணவியின் தம்பி மூணு ஆட்டத்தைப் போன்ல வீடியோ எடுத்திருக்கான். அந்தச் சலாம் எல்லாம் அதில் இருக்கு."

"திங்கட்கிழமை சமிதியில் காட்டுங்கள்" என்று சொல்லி, மூன்றாவது கட்டத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு சின்ன டிக் போட்டார். பார்த்தேன் என்பதற்கான டிக் அது. ஆனால் அலுவலகத்துக்கு டிக் என்றால் உத்தரவு. பந்துக்கு நாலு மாதம் எடுத்துக்கொள்ளும் அதே அலுவலகம், ஸ்வீட்டிக்கு அடுத்த ஆண்டு விடுதியில் இடமில்லை என்ற கடிதத்தை அன்று மாலைக்குள் டைப் அடித்து, கையெழுத்து வாங்கி, விடுதிக் காப்பாளர் கையில் சேர்த்துவிட்டது.

எனக்கு இது தெரியாது. ஞாயிற்றுக்கிழமை மதியம் மகளோடு உட்கார்ந்து வீடியோவை வெட்டிக்கொண்டிருந்தேன். அவள் குருகிராமில் ஒரு கம்பெனியில் இருக்கிறாள். மாமியார் பெயரை வைக்க வேண்டும் என்று இசக்கியம்மாள் என்று வைத்தோம். டெல்லி அவளை ஈஷா ஆக்கிவிட்டது. தமிழ் பேசுவாள், படிக்க மாட்டாள். சலாம் வரும் இடங்களை மட்டும் தனியே எடுத்துக் கொடு என்று சொல்லியிருந்தேன். மூன்று இடம் வெட்டியவள், நிறுத்தித் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"அம்மா, ஏக் மினிட். கூடை போட்டது அவங்க டீம். நீ எதுக்கு வாஹ் வாஹ்னு கத்தறே?"

"ஏட்டி, நான் எப்போ வாஹ் வாஹ்னு சொன்னேன்?"

"இதோ பாரு." மறுபடியும் ஓடவிட்டாள். கோட்டோரம் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு பொம்பிளை தொண்டை நரம்பு புடைக்கக் கத்துகிறாள். 'வா! வா! வா! வா!'

"அது வாஹ் இல்லட்டி. வா வான்னுல்லா கூப்பிடுதேன்! திரும்பி ஓடியாங்கன்னு!"

"யாரைக் கூப்பிடறே? அந்தப் பொண்ணுக்குத் தமிழ் தெரியுமா?"

ஈஷாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சோபாவில் சாய்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள். எனக்குக் காது சுட்டது. எத்தனை வருஷமாக ஹிந்தியில் பேசிப் பிழைக்கிறேன்! வகுப்பில் ஹிந்தி, பஸ்ஸில் ஹிந்தி, திட்டுவதுகூட ஹிந்தி. ஆனால் பதறிப்போனால் வாயில் வருவது பாளையங்கோட்டைதான் என்பது எனக்கே தெரியாமல் போயிற்று. இங்கே கவிதைக் கூட்டத்தில் நல்ல வரிக்கு ஊரே 'வாஹ் வாஹ்', அதாவது பலே பலே, என்று கத்தும். கவிஞர் கையை நெற்றிக்குக் கொண்டுபோய் நன்றி சொல்வார். ஸ்வீட்டி டிவியில் பார்த்ததைச் செய்திருக்கிறாள். மேடம் இவ்வளவு மெச்சும்போது பதில் மரியாதை செய்யாமல் ஓடுவது எப்படி?

முதலில் ஸ்வீட்டிக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. அவளோடு ஒரே அறையில் இருந்த லிந்தோய்க்குப் போட்டேன்.

"நான் வா வான்னு கத்தும்போது நீ என்ன நினைச்சே?"

"குத்திக்காட்டறீங்கன்னு நினைச்சேன், மேம். ரொம்ப பிரமாதமா ஆடறேன்னு கிண்டல் பண்றீங்கன்னு."

அவள் பந்தை விட்டதற்கும் காரணம் கிடைத்துவிட்டது. "ஸ்வீட்டி எங்கே?" என்று கேட்டேன்.

"பேக் பண்றா மேம். நாளைக்கு அவ அப்பா வர்றார். அடுத்த வருஷம் இடம் இல்லைன்னா இந்த வருஷம் மட்டும் எதுக்குன்னு சொல்லிட்டாராம்."

கடிதம் போன விஷயம் எனக்கு அப்போதுதான் தெரியும். "நாளைக்கு மதியம் வரைக்கும் அவளை விடாதே. பெட்டிச் சாவியை ஒளிச்சு வை, என்ன வேணா பண்ணு" என்றேன்.

திங்கள் காலை பத்து மணிக்குப் புல்வெளியில் புதுக் காகிதத்தோடு நின்றேன். இரண்டாவது கட்டத்தில் 'காரணம்: நான்' என்று எழுதி, கீழே இரண்டு வரி விளக்கம். பிரின்சிபல் வழக்கம்போல் கீழேயிருந்து படித்தார். 'இனி: ஸ்வீட்டி இருக்க வேண்டும்.' அதன் பிறகு மேலே ஏறிக் காரணத்தைப் படித்தார். இன்னொரு முறை படித்தார். பழத்தைத் தொடவே இல்லை.

"கொடுத்த ரிப்போர்ட்டைத் திருப்பி வாங்கும் வழக்கம் இங்கே கிடையாது."

"தெரியும் மேடம்."

"நீங்கள் டெல்லிக்கு வந்து எத்தனை வருஷம்?"

சொன்னேன். அவர் தூரத்தில் கூடையின் கீழே நின்றிருந்த காரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சமிதியில் இதை நான் படிக்க மாட்டேன். நீங்களே படியுங்கள்" என்றார்.

படித்தேன். ஐந்து பேர் சமிதி. வரலாற்றுப் பேராசிரியை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். வீடியோவைப் போட்டதும் பொத்திக்கொள்ளவும் இல்லை. வணிகவியல்காரர் "ஒரு தடவை நேரில் கத்திக் காட்டுங்களேன்" என்றார். காட்டினேன். வேறு வழி? பிரின்சிபல் மட்டும் சிரிக்கவில்லை. "அப்படியானால் அணி நன்றாக இருக்கிறது என்கிறீர்களா?" என்று கேட்டார்.

அந்த இடத்தில் நான் பொய் சொல்லியிருக்கலாம். "இல்லை மேடம். இடது கையால் பந்து தட்டத் தெரிந்தது இரண்டு பேருக்குத்தான். நான் வாயைத் திறக்காமல் இருந்தாலும் நாலு ஆட்டம் தோற்றிருப்போம். மூன்று ஜெயித்திருப்போம். அந்த மூன்று என்னால் போனது" என்றேன். சிரிப்பு நின்றது. விடுதிக் கடிதம் ரத்து, அணிக்கு இன்னும் ஒரு வருஷம் அவகாசம், ஒதுக்கீட்டில் ஒரு இடம் குறைப்பு. கூடவே, பயிற்சியாளர் ஆட்டத்தின்போது ஹிந்தியில் மட்டுமே கத்த வேண்டும் என்று ஒரு தீர்மானம். அது கல்லூரிக் கோப்பில் இன்றைக்கும் இருக்கிறது. என் பணிக்காலத்தில் என் பெயர் ஏறிய ஒரே தீர்மானம் அதுதான். அடுத்த வருஷம் உண்மையாகவே மூன்று ஆட்டம் ஜெயித்தோம், கோப்பை கீப்பை ஒன்றும் கிடையாது. நேஹாவுக்கு அனுப்பிய இரண்டு வரி இதுதான்: இருபத்திரண்டு ஸ்லைடையும் அழி, பத்தொன்பதாவதில் எழுதியிருப்பதை அந்தப் பெண்களிடமே போய்ப் படித்துக் காட்டி, அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேள்.

சமிதி முடிந்ததும் ரத்து உத்தரவைக் கையால் எழுதி வாங்கிக்கொண்டு விடுதிக்கு ஓடினேன். வாசலில் ஒரு ஜீப் நின்றிருந்தது. பின்னால் தகரப் பெட்டியும் ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வை மூட்டையும் ஏற்றியாயிற்று. பெட்டி மேல் ஸ்வீட்டி உட்கார்ந்திருந்தாள். லிந்தோய் ஒரு பக்கம் நின்று, தானே ஒளித்த பெட்டிச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தாள். தலைப்பாகை கட்டிய ஒருவர் என்னை நோக்கி வந்தார், கையில் அலுவலகக் கடிதம்.

"நீங்கதான் அந்த மேடமா?"

"ஆமாம்."

"ஒவ்வொரு மேட்ச் முடிஞ்சதும் பொண்ணு போன் பண்ணுவா. தோத்துட்டோம் பாபு, ஆனா மேடம் எல்லார் முன்னாலயும் என்னை வாஹ் வாஹ்னு சொன்னாங்கன்னு சொல்வா. நானும் ஊர்ல நாலு பேர்கிட்ட சொன்னேன். இப்போ ஒழுங்கீனம்னு இதில எழுதியிருக்கு." கடிதத்தை என் முன்னால் பிடித்தார். "நீங்க வாயால சொன்னது நிஜமா, எழுத்தில கொடுத்தது நிஜமா?"

இரண்டும் இல்லை என்று சொல்லித்தான் ஆக வேண்டும். ரத்து உத்தரவை அவர் கையில் கொடுத்தேன். வா என்றால் என் மொழியில் என்ன அர்த்தம் என்று சொன்னேன். உங்கள் பெண் மேல் தப்பே இல்லை, தப்பு முழுக்க என்னுடையது என்றேன். அவர் இரண்டு தடவை கேட்டுப் புரிந்துகொண்டு, பிறகு ஜீப்பின் கதவில் கையால் ஓங்கித் தட்டிச் சிரித்தார். டிரைவரும் சிரித்தார். லிந்தோய் சிரித்தாள்.

ஸ்வீட்டி சிரிக்கவில்லை. பெட்டியிலிருந்து இறங்கி என் எதிரே வந்து நின்றாள். "கிரவுண்டில புகழறீங்க, பஸ்ஸில திட்டறீங்க. பெரியவங்க அப்படித்தான் இருப்பாங்கன்னு நினைச்சுட்டேன், மேம்" என்றாள். பிறகு கேட்டாள்.

"அப்போ ஒரு தடவைகூட இல்லையா, மேம்? நான் போட்ட ஒரு கூடைக்குக்கூட?"

அந்த வருஷம் எங்கள் அணி போட்ட கூடைகளில் பாதிக்கு மேல் அவள் போட்டவை. ஸ்கோர் ஷீட் என்னிடம்தான் இருந்தது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை மனசுக்குள் தேடிப் பார்த்தேன்.

"இல்லை" என்றேன்.

"அச்சா" என்று சொல்லிவிட்டு அவள் திரும்பிப் போய் ஜீப்பிலிருந்து ரஜாய் மூட்டையை இறக்க ஆரம்பித்தாள். அப்போதாவது நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவள் பக்கத்திலேயே நின்றிருந்தேன், ஹிந்தியும் எனக்கு நன்றாகத்தான் வந்தது. "நாளைக்கு ஆறரைக்குப் பிராக்டிஸ் இருக்கு, லேட் பண்ணாதே" என்றுதான் சொன்னேன்.